எம்டன்: கதையும் வரலாறும்

நுழையும்முன்

போர் ஓய்ந்த பின்னும் போரைப் பற்றிய கதை ஓய்வதில்லை. வாய்மொழியாகப் பரவும்போது அது வளர்கிறது, சில செய்திகளை ஏற்கிறது, சிலவற்றைக் கைவிடுகிறது. பழங்காலக் கிரேக்கத்தின் டிராய்ப் போர்க்கதையும் இவ்வாறு வளர்ந்ததே. அத்தகைய வளர்ச்சியை நம் மண்ணிலேயே காண ஒரு வாய்ப்பு உண்டு. 1914ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகத்தைத் தாக்கிய ஒரு கப்பல், தமிழில் ஒரு சொல்லாகவே நிலைபெற்றுவிட்டது. அந்தச் சொல்லுக்குள் இருக்கும் கதை எது, வரலாறு எது என்பதை ஆராய்கிறது இப்பாடம்.

மண்ணுக்குள் ஒரு நகரம்

டிராய் நகரத்தைக் கிரேக்கர்கள் பத்து ஆண்டுகள் முற்றுகையிட்டு அழித்தனர் என்பது பழங்கதை. அப்போரின் இறுதிக் காலத்தில் சில வாரங்களில் நிகழ்ந்தவற்றை மட்டுமே ஹோமரின் 'இலியட்' காப்பியம் பாடுகிறது. டிராய்க் கதை என்றவுடன் பலர் நினைவுக்கு வரும் மரக்குதிரை அக்காப்பியத்தில் இல்லை. 'ஒடிசி' அதனைக் குறிப்பிடுகிறது. பிற்காலத்து ரோமானியக் கவிஞர் வர்ஜில் அதனை விரித்துரைக்கிறார். கதை ஒரே நாளில் முழுமை பெறுவதில்லை என்பதற்கு இதுவே சான்று.

நெடுங்காலம் டிராய் வெறும் கற்பனை என்றே பலர் எண்ணினர். துருக்கியின் வடமேற்கில் உள்ள ஹிசார்லிக் மேட்டில் ஜெர்மானியரான ஹென்ரிக் ஷிலீமன் 1870களில் அகழாய்வு செய்தார். அங்கு ஒன்றன்மேல் ஒன்றாக நகரங்கள் புதைந்திருந்தன. முதன்மையான அடுக்குகள் மட்டும் ஒன்பது எனப் பின்னர் வகுக்கப்பட்டன. 1873இல் தமக்குக் கிடைத்த பொன்னணிகளை டிராய் மன்னன் பிரியாமின் புதையல் என்று ஷிலீமன் அறிவித்தார். அவை போர் நிகழ்ந்ததாகக் கருதப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முற்பட்டவை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. காண விரும்பியதையே அவர் மண்ணில் கண்டார்.

ஆயினும் கதை முழுவதும் பொய்யாகிவிடவில்லை. கி.மு. 1180 அளவில் தீயால் அழிந்த ஒரு நகரத்தின் தடயங்கள் அம்மேட்டில் உள்ளன. ஹிட்டைட்டுப் பேரரசின் களிமண் பலகைகள் 'விலுசா' என்னும் நாட்டைக் குறிப்பிடுகின்றன. டிராயின் மற்றொரு கிரேக்கப் பெயரான 'இலியோஸ்' என்பதோடு அதனை ஆய்வாளர்கள் பொருத்திப் பார்க்கின்றனர். நகரம் இருந்தது, அது அழிந்தது. ஆனால் பேரழகி ஒருத்திக்காகத்தான் போர் மூண்டது என்பதற்கோ, வீரன் அக்கிலிஸ் வாழ்ந்தான் என்பதற்கோ மண்ணில் சான்று கிடைக்கவில்லை.

தமிழிலும் இத்தகைய நினைவுகள் உண்டு. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனின் வெற்றியைச் சங்கப் புலவர் பாடினர். பல நூற்றாண்டுகளுக்குப் பின் பாண்டியர் வெளியிட்ட சின்னமனூர்ப் பெரிய செப்பேடும் தலையாலங்கானத்து வெற்றியைப் பேசுகிறது. புலவர்களின் பாடல் போருக்கு நெருங்கிய காலத்துச் சான்று. செப்பேடோ, பிற்காலப் பாண்டியர் தம் முன்னோரின் வெற்றியை எவ்வளவு பெருமையுடன் நினைவில் வைத்திருந்தனர் என்பதற்குச் சான்று. ஒவ்வொரு சான்றும் எதனை மெய்ப்பிக்கிறது என்று பிரித்தறிவதே வரலாற்றுப் பயிற்சியின் தொடக்கம்.

நிகழ்ச்சிக்கும் 'இலியட்' காப்பியத்துக்கும் இடையே ஏறத்தாழ நான்கு நூற்றாண்டு இடைவெளி உள்ளது. அவ்விடைவெளியில் கதை எவ்வாறு வளர்ந்தது என்பதை நாம் உடனிருந்து காண இயலாது. சென்னைத் துறைமுகத்தில் நிகழ்ந்த தாக்குதலில் அத்தடை இல்லை. அங்கு நிகழ்ச்சியும் தெரியும். அதனைச் சுற்றி வளர்ந்த கதையும் தெரியும்.

1914 செப்டம்பர் 22

முதல் உலகப்போர் தொடங்கி இரண்டு மாதங்கள்கூட நிறைவடையவில்லை. எம்டன், ஜெர்மனியின் கிழக்காசியக் கடற்படைப் பிரிவைச் சேர்ந்த போர்க்கப்பல்; 'குரூசர்' எனப்படும் விரைவு வகையில் சிறியது. ஜெர்மனியின் துறைமுக நகரம் ஒன்றின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டிருந்தது. சீனக் கடற்கரையில் ஜெர்மானியர் வசமிருந்த சிங்தாவ் துறைமுகத்திலிருந்து 1914 ஜூலை 31 அன்று அது புறப்பட்டது. அதன் தலைவர் கார்ல் ஃபான் முல்லர். செப்டம்பர் மாதத்தில் வங்கக் கடலுக்குள் நுழைந்து, பிரிட்டிஷ் வணிகக் கப்பல்கள் பலவற்றைப் பிடித்து மூழ்கடித்தது.

செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பது மணிக்கு மேல் எம்டன் சென்னைத் துறைமுகத்தை நெருங்கியது. போர்க்காலமாக இருந்தும் நகரின் விளக்குகள் அணைக்கப்படவில்லை. உயர்நீதிமன்றக் குவிமாடத்தின்மேல் அன்று இயங்கிவந்த கலங்கரை விளக்கமும் ஒளி வீசிக்கொண்டிருந்தது. கரையிலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவில் கப்பல் தன் தேடுவிளக்கை ஏற்றியது. பர்மா எண்ணெய் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகளை நோக்கி அதன் பீரங்கிகள் முழங்கின. இரண்டு தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்றிருந்த வணிகக் கப்பல் ஒன்றும் தாக்குண்டது. சில குண்டுகள் நகருக்குள்ளும் விழுந்தன; உயர்நீதிமன்றச் சுற்றுச்சுவரும் சேதமடைந்தது. குறைந்தது ஐவர் உயிரிழந்தனர், பலர் காயமுற்றனர்.

ஏறத்தாழ 130 குண்டுகளைச் சுட்டபின், அரைமணி நேரத்திற்குள் கப்பல் இருளில் மறைந்தது. கரையிலிருந்த பீரங்கிகள் திருப்பிச் சுட்டன. ஒரு குண்டும் எம்டனைத் தொடவில்லை.

இவ்வளவுதான் நிகழ்ச்சி. போர் முழுவதையும் நோக்க, இது மிகச் சிறியது. படைகள் தரையிறங்கவில்லை, நகரம் கைப்பற்றப்படவில்லை, போரின் போக்கும் மாறவில்லை. பின் ஏன் நூறாண்டு கடந்தும் இது நினைவில் நிற்கிறது?

குறிபார்க்கப்பட்டது எது?

முல்லர் தம் நோக்கத்தைப் பின்னர் எழுத்தில் குறித்துள்ளார். இந்திய மக்களின் கவனத்தைத் தூண்டுவது, ஆங்கிலேயரின் வணிகத்தைக் குலைப்பது, அவர்களுடைய மதிப்பைத் தாழ்த்துவது ஆகியவையே அவர் கருதியவை. எண்ணெய்த் தொட்டிகள் கண்ணுக்குத் தெரிந்த இலக்கு. 'ஆங்கிலேயரைக் கடலில் எவராலும் அசைக்க முடியாது' என்னும் நம்பிக்கையே உண்மையான இலக்கு. வேறு வகையாகச் சொன்னால், ஒரு கதையை உடைத்து இன்னொரு கதையை உருவாக்கவே அக்குண்டுகள் சுடப்பட்டன.

அந்நோக்கம் நிறைவேறியது. அடுத்தடுத்த நாள்களில் ஆயிரக்கணக்கான மக்கள் சென்னையை விட்டு வெளியேறினர். வங்கக் கடலில் வணிகக் கப்பல் போக்குவரத்து தடைப்பட்டது. கப்பல் மீண்டும் வரும் என்ற அச்சம், கப்பலைவிட வேகமாகக் கரையோர ஊர்களுக்குப் பரவியது. எரிந்த எண்ணெய்க்குக் கணக்கு எழுத முடிந்தது. குலைந்த நம்பிக்கைக்குக் கணக்கு எழுத அரசால் இயலவில்லை.

சொல்லாகிய கப்பல்

'அவன் பெரிய எம்டன்' என்று தமிழில் கூறுவது உண்டு. எதற்கும் அஞ்சாதவன், தந்திரம் மிக்கவன், கண்டிப்பானவன் என இடத்துக்கேற்ப அது பொருள்படும். மலையாளத்தில் 'எமண்டன்' என்னும் சொல் மிகப் பெரியது என்னும் பொருளில் வழங்குகிறது. அதுவும் இக்கப்பலின் பெயரிலிருந்து வந்ததென்பர். 2006ஆம் ஆண்டில் 'எம்டன் மகன்' எனப் பெயரிடப்பட்ட திரைப்படம் ஒன்று, தமிழ்ப் பெயர் வேண்டும் என்பதற்காக 'எம் மகன்' என மாற்றப்பட்டது. கண்டிப்பான தந்தையைக் குறிக்க அத்தலைப்பில் அமைந்த சொல், ஒரு ஜெர்மானிய ஊரின் பெயர் என்பதைப் பலரும் அறிந்திருக்கமாட்டார்.

இச்சொல்லின் பொருளை உற்றுநோக்கினால் மக்கள் மனத்தின் இரு நிலைகள் தெரியும். அன்று நகரத்தார் அஞ்சி ஓடினர். பின்னர், ஆங்கிலேயரையே அதிரவைத்த கப்பல் என்று வியந்தனர். அச்சமும் வியப்பும் கலந்தே 'எம்டன்' என்னும் சொல் பிறந்தது. அன்றைய மக்கள் என்ன உணர்ந்தனர் என்பதை அறிய, அரசு அறிக்கையைவிட இந்த ஒரு சொல் நம்பத்தக்க சான்றாக நிற்கிறது.

கதை சேர்த்தவை

உணர்வைக் கதை காக்கிறது. நிகழ்ச்சியை அவ்வாறே காப்பதில்லை. எம்டனைப் பற்றி வழங்கும் செய்திகள் சிலவற்றைச் சான்றுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எம்டன் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் என்று கூறுவோர் உண்டு. அது நீரின்மேல் செல்லும் கப்பலே. மூன்று புகைபோக்கிகளைக் கொண்டது. திடீரெனத் தோன்றித் திடீரென மறைந்ததால், நீருக்குள் மூழ்கியிருக்கும் என்று மக்கள் கருதியது இயல்பே. உண்மையில் அது கையாண்ட தந்திரம் வேறு. போலியான நான்காவது புகைபோக்கி ஒன்றைப் பொருத்தி, தொலைவிலிருந்து பார்ப்போருக்குப் பிரிட்டிஷ் கப்பலாகத் தோற்றமளித்தது. அத்தோற்றத்துடனேயே 1914 அக்டோபர் 28 அன்று பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து, ஜெம்சுக் என்னும் ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. டிராய்க் கதையின் மரக்குதிரைக்குத் தொல்லியல் சான்று இல்லை. எம்டனின் பொய்ப் புகைபோக்கியோ ஆவணங்களில் பதிவான உண்மை. வியப்பூட்டும் செய்தி என்பதனாலேயே ஒன்று பொய்யாகிவிடாது. வியப்பூட்டுவதால் மெய்யாகிவிடவும் செய்யாது.

இரண்டாவது செய்தி இன்னும் பரவலானது. விடுதலைப் போராட்ட வீரர் செண்பகராமன் பிள்ளை எம்டன் கப்பலில் இருந்தார். அவரே சென்னைத் தாக்குதலை வழிநடத்தினார் என்பது அது. செண்பகராமன் 1891இல் திருவனந்தபுரத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். ஐரோப்பாவில் வாழ்ந்து இந்திய விடுதலைக்காக உழைத்தவர். 1914ஆம் ஆண்டின் இடைப்பகுதியில் அவர் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இந்திய ஆதரவுக் குழு ஒன்றை நடத்திவந்தார். அவ்வாண்டு அக்டோபரில் பெர்லின் சென்று, அங்கிருந்த இந்தியப் புரட்சியாளர்களுடன் இணைந்து செயல்பட்டார்.

இங்குக் கால அட்டவணையே விடை கூறுகிறது. எம்டன் ஜூலை இறுதியில் கிழக்காசியாவிலிருந்து புறப்பட்டது. அது முதல் நவம்பரில் அழியும் வரை ஐரோப்பாவின் பக்கமே செல்லவில்லை. செப்டம்பர் 22 அன்று வங்கக் கடலில் எம்டனில் இருந்த ஒருவர், மறுமாதம் பெர்லினில் அரசியல் பணியாற்றியிருக்க இயலாது. அவர் கப்பலில் இருந்தார் என்பதற்குச் சமகாலச் சான்று எதுவும் கிடைக்கவில்லை.

அவ்வாறெனில் இக்கதை ஏன் பிறந்தது? ஜெர்மனியில் ஆங்கிலேயருக்கு எதிராகப் பணியாற்றிய தமிழர் ஒருவர் இருந்தார். ஆங்கிலேயரைத் தாக்கிய ஜெர்மானியக் கப்பல் ஒன்றும் இருந்தது. இரண்டையும் இணைத்தபோது, அந்நியர் இருவரின் போர் நம் போராக மாறியது. அடிமைப்பட்டிருந்த மக்கள் தமக்கும் அதில் பங்கிருக்க வேண்டும் என்று விரும்பினர்; அவ்விருப்பத்தைக் கதை நிறைவேற்றியது. செண்பகராமன் 1934இல் பெர்லினில் மறைந்தார். அவருடைய அஸ்தியை அவர் துணைவியார் பேணிக் காத்து, 1966இல் தாயகம் கொண்டுவரச் செய்தார். அந்த வாழ்வின் பெருமைக்குக் கப்பல் கதை தேவையில்லை. நடக்காத ஒன்றை அவர்மேல் ஏற்றுவது, நடந்தவற்றை மறக்கவே வழிசெய்யும்.

கப்பலின் முடிவு

1914 நவம்பர் 9 அன்று, இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகளில் இருந்த தந்தி நிலையத்தை அழிக்க எம்டன் சென்றது. நிலையத்தார் உடனே உதவி கோரிச் செய்தி அனுப்பினர். அருகில் சென்றுகொண்டிருந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி விரைந்துவந்து தாக்கியது. சிதைந்த எம்டனை முல்லர் பவளப்பாறையில் மோதி நிறுத்தினார். மாலுமிகளுள் 130க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

தந்தி நிலையத்தை அழிக்கக் கரையிறங்கியிருந்த ஐம்பது பேர், ஹெல்முத் ஃபான் மூக்கே தலைமையில் ஆயிஷா என்னும் பழைய பாய்மரக் கப்பலைக் கைப்பற்றித் தப்பினர். கடலையும் அரேபியப் பாலைவனத்தையும் கடந்து, 1915 மே மாதத்தில் கான்ஸ்டான்டிநோபிளை அடைந்தனர். போருக்குப் பின் வீடு திரும்ப அலைந்த ஒடிசியஸின் பயணத்தை இது நினைவூட்டுகிறது. ஜெர்மனியில், உயிர்பிழைத்த எம்டன் மாலுமிகள் கப்பலின் பெயரைத் தம் பெயருடன் இணைத்துக்கொள்ளும் உரிமை பெற்றனர். ஆங்கிலேய நாளிதழ்கள்கூடப் பிடிபட்டோரை முல்லர் கண்ணியமாக நடத்தியதைப் பாராட்டின. இவ்வாறு ஜெர்மனி ஒரு கதையை வளர்த்தது. இங்கிலாந்து மற்றொன்றை எழுதியது. தமிழகம் தனக்கென ஒன்றைப் படைத்துக்கொண்டது.

கதை மறந்தவர்கள்

கதை எதைச் சேர்த்தது என்று கண்டோம். அது எதை விட்டது என்பதும் சிந்திக்கத்தக்கது.

எம்டன் கதையில் கப்பலின் பெயர் உண்டு. அதன் தலைவரின் பெயர் உண்டு. கப்பலில் இல்லாத செண்பகராமனின் பெயரும் உண்டு. அன்றிரவு சென்னைத் துறைமுகத்தில் உயிரிழந்தவர்களின் பெயர்கள் மட்டும் மக்கள் வழக்கில் இல்லை. அவர்கள் 'ஐவர்' என்னும் எண்ணிக்கையாகச் சுருங்கிவிட்டனர். மூவாயிரம் ஆண்டுப் பழமையுடைய டிராய்க் கதை இதில் வேறுபடுகிறது. போர்க்களத்தில் வீழும் எளிய வீரனையும் ஹோமர் பெயர் சொல்லிக் குறிக்கிறார். பலருக்குத் தந்தை பெயரையும் ஊரையும் கூறுகிறார். தமிழ் மரபும் இவ்வாறானதே. ஆநிரை மீட்டு மாண்ட சிற்றூர் வீரனுக்கும் பெயரும் பீடும் எழுதி நடுகல் நாட்டியது தமிழ்ச் சமூகம்.

துறைமுகம், எண்ணெய்க் கிடங்கு, கப்பல் தளம் ஆகியவை போரில் முதல் இலக்காகின்றன. அவற்றை அண்டி உழைப்போரே முதலில் பாதிக்கப்படுகின்றனர். இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் வடசென்னைக் கடற்கரை இன்றும் துறைமுகங்களும் ஆலைகளும் மீனவர் குடியிருப்புகளும் நெருங்கி அமைந்த பகுதியாகும். எம்டனை நினைக்கும்போது கடலில் நின்ற கப்பலை மட்டுமன்றி, கரையில் நின்ற மனிதரையும் நினைப்பதே முழுமையான வரலாறு.

கதையிடம் கேட்க வேண்டியவை

ஒரு போர்க்கதையைக் கேட்கும்போது நான்கு வினாக்களை எழுப்பலாம். இதனை முதலில் கூறியவர் யார், எப்போது கூறினார்? குறிப்பிடப்படும் மனிதர் அந்நாளில் எங்கு இருந்தார்? இதனை மெய்ப்பிக்கக் கதைக்கு வெளியே சான்று உண்டா? இக்கதையால் பெருமை பெறுபவர் யார், மறக்கப்படுபவர் யார்?

இவ்வினாக்கள் கதையை அழிப்பதில்லை. அதன் இடத்தை உணர்த்துகின்றன. அன்று என்ன நடந்தது என்பதை ஆவணமும் அகழாய்வும் கூறும். அது மக்கள் மனத்தில் என்ன செய்தது என்பதைக் கதை கூறும். ஒன்றிடம் கேட்க வேண்டியதை மற்றொன்றிடம் கேட்கும்போதே பிழை நேர்கிறது.

உயர்நீதிமன்ற வளாகத்தில் எம்டன் தாக்குதலைக் குறிக்கும் கல்வெட்டு ஒன்று உள்ளது. கோட்டை அருங்காட்சியகத்தில் அக்கப்பல் சுட்ட குண்டின் சிதறல் காக்கப்படுகிறது. இரும்புத் துண்டு நிகழ்ச்சிக்குச் சான்று. 'எம்டன்' என்னும் சொல் அதன் நினைவுக்குச் சான்று. இரண்டையும் உரிய இடத்தில் வைத்துக் காணக் கற்றவருக்கு டிராயும் தலையாலங்கானமும் சென்னைத் துறைமுகமும் ஒரே பாடத்தைக் கற்பிக்கும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் வழங்கும் போர் அல்லது வீரர் பற்றிய வாய்மொழிக் கதை ஒன்றைத் தொகுத்து, இப்பாடத்தின் நான்கு வினாக்களைக் கொண்டு ஆராய்க.

2. ஊர், கப்பல், மனிதர் ஆகியோரின் பெயர்களிலிருந்து தமிழில் பொதுச்சொல்லாக மாறியவற்றைப் பட்டியலிட்டு, பொருள் மாறிய விதத்தை விளக்குக.

3. 'கதை பொய்யானால் அதனால் பயனில்லை' என்னும் கருத்தை ஒட்டியும் வெட்டியும் வகுப்பறையில் விவாதிக்க.